எங்கட கொள்கையும் அவளின்ர வைஃபையும்

"உங்கட கொள்கையை என்ர லப்டொப்பிலையோ பரிசோதிக்கிறியள்?"

கேட்டவள் எங்கட பச்தான். இறுதி வருட ஆய்வுக்கட்டுரை ஒப்படைக்க இன்னும் பதினொரு நாள். லப்டொப் திறந்திருந்தது. லினக்ஸ் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே வலது மூலையில் வைஃபை அடையாளம் மட்டும் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை, சிவப்புப் புள்ளடியும் இல்லை. வைஃபை என்றொரு சாமான் இந்த உலகத்திலேயே கிடையாது என்பது போல அந்த மூலை துடைத்துக் கிடந்தது. நாங்கள் மூன்று பேர் சுற்றி நின்று திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதல்நாள் வரைக்கும் கட்டற்ற மென்பொருள் பற்றி வாய் ஓயாமல் கதைத்த அதே மூன்று பேர்.

அந்த நாலு நாளில் நடந்ததையும், அதுக்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்ட சில கருத்துகளையும்தான் இதில் எழுதுகிறோம். மூன்று பேரும் கலைப்பீடம். தொழில்நுட்பப் பீடத்துப் பெடியள் வாசித்தால் சிரிப்பினம். சிரிக்கட்டும்.

லப்டொப் லண்டனில் இருக்கிற மாமா பாவித்துவிட்டு அனுப்பியது. யாழ்ப்பாணத்தில் எங்களைப் போன்ற ஆக்களின் கையில் இருக்கிற லப்டொப்களில் கனக்க இப்படி வந்தவைதான். யாரோ ஒரு ஒன்றுவிட்ட அண்ணன், யாரோ ஒரு சித்தி, விடுமுறைக்கு வரேக்கை உடுப்புப் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டு வந்தது. அதில் விண்டோஸ் 10 இருந்தது. மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 கேட்கும், புதிய தலைமுறைச் செயலி கேட்கும். மாமாவின் லப்டொப்பில் இரண்டும் இல்லை. புதுசு வாங்குகிற கதை 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கட வீடுகளில் யாரும் தொடங்குவதே இல்லை. மகாபொலக் காசைச் சேர்த்து லப்டொப் வாங்குவதென்றால் பட்டமளிப்பு முடிந்துவிடும்.

அவளின் ஆய்வு வடமராட்சி கிழக்கில் கருவாடு போடுகிற பெண்கள் பற்றியது. மணிக்கணக்கில் ஒலிப்பதிவுகள். விண்டோஸ் திறக்கவே தேத்தண்ணி ஆற்றிக் குடித்து முடியுமளவு நேரம் எடுத்தது. நாங்கள்தான் சொன்னோம்: லினக்ஸ் மின்ட் போடுவம், பறக்கும் பார். கோப்புகளை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக எடுத்து வைத்தோம் (இதை மட்டும் ஒழுங்காகச் செய்தோம்). பிறகு போட்டோம். பறந்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் நெற் இல்லாமல் பறந்தது.

முதல் இரவு முழுக்க வீண். விமான நிலை அமுங்கிப் போயிருக்கும் என்று விசைப்பலகையில் இருக்கிற எல்லா மேல்வரிசை விசைகளையும் அமத்திப் பார்த்தோம். மூன்று தரம் திரும்ப நிறுவினோம். ஒவ்வொரு தரமும் ஏதோ வித்தியாசமாக நடக்கும் என்று எதிர்பார்த்ததை இப்ப நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடுத்தநாள் காலமை கொம்பியூட்டர் கடைக்குக் கொண்டு போனோம். அண்ணை மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பியவை, உது சரிவராது. வேணுமெண்டா விண்டோஸ் அடிச்சுத் தாறன், பின்னேரம் வாங்கோ." அவர் சொன்ன விலை ஒரு பிரியாணிப் பார்சலை விடக் கொஞ்சம்தான் கூட. உரிமம் பற்றி அவரும் கதைக்கவில்லை, எங்களுக்கு முன்னால் நின்ற ஆரும் கேட்கவில்லை. எங்களில் ஒருவருக்கு "சரி, அடியுங்கோ அண்ணை" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை.

இரண்டாம் நாள்தான் விஷயத்தை விளங்கிக்கொள்ள முயன்றோம். முதல்நாளே செய்திருக்க வேண்டியது.

எங்களுக்கு விளங்கியபடி இது இவ்வளவுதான். லப்டொப்புக்குள் வைஃபைக்கென்று ஒரு சின்ன அட்டை இருக்கிறது, ஒரு முத்திரை அளவு. அதோடு கதைக்கத் தெரிந்த நிரல்தான் டிரைவர். சொல்லகராதிகளில் இயக்கி என்று போட்டிருக்கிறார்கள். எங்கட ஊரில் றைவர் என்றாலே காணும்: பஸ் புதுசு, டீசல் இருக்கு, றோட்டும் இருக்கு, றைவர் வரேல்லை என்றால் பஸ் நிற்கும். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். ஒன்று செய்த கம்பனிக்கு, மற்றது அந்த மொடலுக்கு. இன்டெல் அட்டைகளின் கம்பனி இலக்கம் 8086; அவர்களின் பழைய புகழ்பெற்ற சில்லின் பெயரையே இலக்கமாக வைத்திருக்கிறார்கள். கணினி தொடங்கும்போது லினக்ஸின் கேர்னல் (இந்தச் சொல்லை எங்கட ஊரில் சத்தமாகச் சொன்னால் வயது போன ஆக்கள் ஒருக்கால் திரும்பிப் பார்ப்பினம்) அந்த இரண்டு இலக்கங்களையும் வாசித்து, இதுக்கு எந்த றைவர் என்று தன்னிடம் இருக்கிற பட்டியலில் தேடும். இருந்தால் ஏற்றும். பல அட்டைகளுக்கு அதோடும் முடியாது. அட்டைக்குள்ளேயே ஓடுகிற இன்னொரு சின்ன நிரலையும், அதாவது ஃபேர்ம்வெயரையும், கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மூலையில் அடையாளம் வராது.

ஆக, எங்கட அட்டையில் பழுது ஒன்றும் இல்லை. டேர்மினலில் ஒரே ஒரு கட்டளையில் அட்டை தன்ர இலக்கத்தைச் சொல்லிக்கொண்டு அங்கேயே இருந்தது. அதுக்கான றைவர் மட்டும் இல்லை. இந்த இலக்கத்தைப் போனில் தேடியபோதுதான், உலகத்தில் எங்களைப் போல ஆயிரம் பேர் இதே அட்டையோடு மாரடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். அதில் பாதி, பத்து வருடப் பழசு.

றைவர் ஏன் இல்லை? கம்பனிகள் விண்டோஸுக்கு றைவரைத் தாங்களே எழுதிக் கொடுக்கும், விற்பனை அங்கேதான். லினக்ஸுக்கு எழுத வேண்டுமென்றால் அட்டை உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்ற விபரம் வேண்டும். பல கம்பனிகள் அந்த விபரத்தை வெளியில் விடுவதில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கமே இப்படியொரு கடுப்பில் இருந்து வந்ததுதான். 1980 அளவில் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் கம்பனியின் லேசர் பிரின்டர் ஒன்று வந்தது. தாள் சிக்கினால் ஆக்களுக்குத் தானாக அறிவிக்க ஒரு வழி செய்ய ரிச்சர்ட் ஸ்டோல்மன் விரும்பினார். மூல நிரலை வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். தரமாட்டேன், வெளியில் கொடுப்பதில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறேன் என்று பதில் வந்தது. 1983 செப்டெம்பரில் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். நாற்பது வருடம் கழித்து திருநெல்வேலியில் ஒரு அறைக்குள் நாங்கள் அதே கதவைத்தான் தட்டிக்கொண்டு நின்றோம்.

வைஃபை அட்டைகளின் வரலாற்றில் எங்களுக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. எங்கட அட்டை எந்தக் கம்பனியினது என்பதை விடுவம். இது பொதுவில் தெரிந்த கதை. 2000களின் நடுப்பகுதியில் புரோட்கொம் சில்லுகளுக்கு லினக்ஸில் திறந்த றைவர் இல்லை. தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு, இருக்கிற மூடிய றைவரைப் பிரித்து ஆராய்ந்து அது என்ன செய்கிறது என்பதை மட்டும் விபரமாக எழுதி வைத்தது. மற்றக் குழு அந்த மூடிய நிரலைக் கண்ணாலும் பார்க்காமல், எழுதிய விபரத்தை மட்டும் வாசித்துப் புது றைவரை எழுதியது. ஏனென்றால் பார்த்து எழுதினால் திருட்டு என்று சொல்லிவிடுவார்கள். 2006 இல் அது கேர்னலுக்குள் சேர்ந்தது. 2010 செப்டெம்பரில் புரோட்கொம் தானே தன்ர சில புதிய சில்லுகளுக்குத் திறந்த றைவரை வெளியிட்டது. எல்லாச் சில்லுக்கும் இல்லை, சிலதுக்கு. சம்பளமில்லாமல் இரவிரவாக இருந்து இதைச் செய்த ஆக்களை நினைத்தால், மூன்று தரம் திரும்ப நிறுவின எங்கட உழைப்பு பற்றிக் கதைக்கவே கூச்சமாக இருக்கிறது.

சரி, எங்கட கதை. அந்த அட்டைக்கு மூடிய றைவர் ஒன்று லினக்ஸுக்கும் இருந்தது. மின்ட்டில் றைவர் மனேஜரைத் திறந்தால் அது தேடிப் போட்டுத் தரும். ஆனால் தேட நெற் வேண்டும். நெற்றுக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு றைவர் வேண்டும். போர்டிங்கில் றவுட்டர் வீட்டுக்காரரின் சாமியறைக்கு மேலே இருக்கிறது, வயர் இழுக்கிற கதையே இல்லை. ஒருவர் யூஎஸ்பி வைஃபை டொங்கிள் வாங்குவம் என்றார். இதுவும் அதிர்ஷ்டச் சீட்டுத்தான்: ஒரே பெட்டி, ஒரே மொடல் பெயர், ஆனால் பதிப்பு மாறினால் உள்ளுக்குள் சில்லும் மாறியிருக்கும். சில டொங்கிள்கள் குத்தினவுடன் தங்களை ஒரு சீடி என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, உள்ளே இருக்கிற விண்டோஸ் றைவரைக் காட்டும்.

வழி எங்கட பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது. அண்ட்றொயிட் போனை சார்ஜ் கேபிளால் லப்டொப்பில் குத்தி, போன் செற்றிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போட்டால், லப்டொப் அந்தப் போனை ஒரு வயர் நெற்வேர்க் அட்டையாக நினைத்துக்கொள்ளும். அதுக்கான றைவர் லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. போன் டேட்டாவில் இருந்தாலும் சரி, பெரும்பாலான போன்களில் வைஃபையில் இருந்தாலும் சரி, வேலை செய்யும். ஐந்து செக்கன். அண்ட்றொயிட் ஓடுவதும் லினக்ஸ் கேர்னலில்தான். இரண்டு நாளாக லினக்ஸ் எங்களைக் கைவிட்டது என்று திட்டிக்கொண்டிருந்த மூன்று பேரின் கையிலும் லினக்ஸ் இருந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை முதல்நாள் யாராவது தமிழில் இரண்டு வரியில் சொல்லியிருந்தால் இரண்டு இரவு மிஞ்சியிருக்கும்.

றைவர் இறங்கியது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது. ஏன் எதுக்கென்று தெரியாமல் ஒன்றைக் கொடுத்தோம். திரும்பத் தொடங்கும்போது நீல நிறத்தில் ஒரு திரை வந்தது. பயந்துபோய் என்டர் அமத்தினோம். போய்விட்டது. வைஃபை வரவில்லை. இதில்தான் மூன்றாம் நாள் போனது. பிறகு விளங்கியது: லப்டொப்பில் செக்கியூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தது. வெளியில் இருந்து சேர்க்கிற றைவருக்கு லப்டொப்பின் சொந்தக்காரர் தன் கையால் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அந்த நீலத் திரை அதைத்தான் கேட்டிருக்கிறது. அதில் முதல் வரி "அப்படியே தொடரு". ஒப்புதல் கொடுக்கிற வரி அதுக்குக் கீழே. நாங்கள் முதல் வரியில் என்டர் அடித்தோம். அதன் பிறகு அந்தத் திரை தானாக வராது. ஒப்புதல் கோரிக்கையைத் திரும்பவும் முதலில் இருந்து செய்ய வேண்டும். செய்தோம். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தோம். நாலாம் நாள் இரவு பத்தரைக்கு அந்த மூலையில் வளைவு வளைவாக அந்த அடையாளம் வந்தது. போர்டிங்கே அதிர்ந்தது. வீட்டுக்கார அம்மா வந்து, "என்ன பிள்ளையள், கரண்ட் வந்திட்டுதோ?" என்று கேட்டா. கரண்ட் போகவே இல்லை.

இப்ப கருத்துக்கு வருவம்.

லினக்ஸ் ஆக்கள் மத்தியில் ஒரு பழக்கம் இருக்கிறது. வைஃபை வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால், "அது லினக்ஸின் பிழை இல்லை, கம்பனியின் பிழை" என்று பதில் சொல்லுவோம். உண்மைதான். மேலே இவ்வளவு நேரம் நாங்களும் அதைத்தான் சொன்னோம். ஆனால் பதினொரு நாளில் ஆய்வுக்கட்டுரை கொடுக்க வேண்டியவளுக்கு அந்த உண்மையால் என்ன பிரயோசனம்? பிழை யாருடையது என்பது எங்கட விவாதம். நெற் இல்லாதது அவளின் பிரச்சினை. அவளின் லப்டொப்பை எங்கட கொள்கைக்கு விளம்பரப் பலகையாகப் பாவித்தோம் என்று அவள் சொன்னது சரி. நிறுவ முதல் பென்ட்றைவில் இருந்து நேரடியாக ஓட்டி, வைஃபை வருதா, சத்தம் வருதா, பிரின்டர் எடுக்குதா என்று பார்த்திருக்கலாம். லினக்ஸ் மின்ட் அதுக்கு வழி வைத்திருக்கிறது, பத்து நிமிட வேலை. நாங்கள் செய்யவில்லை. ஏனென்றால் சரிவராது என்று ஒரு பதில் வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயம். பிரசாரம் செய்கிறவனுக்கு வருகிற பயம்.

இந்தச் சிக்கலைப் பெரிய ஆக்களும் பட்டிருக்கிறார்கள். டெபியன் திட்டம் கொள்கையில் கண்டிப்பானது. கட்டற்றது அல்லாத ஃபேர்ம்வெயரைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் வைக்காமல் இருந்தது. அதனால் பல லப்டொப்களில் நிறுவும்போதே வைஃபை வராது. 2022 இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு வைத்து, அந்த ஃபேர்ம்வெயரையும் நிறுவியோடு சேர்க்கத் தீர்மானித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. இதைக் கொள்கையை விற்றது என்று சொல்லுகிற ஆக்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. உள்ளே வர ஒரு வாசல் வேண்டும், மூடிய றைவர் அந்த வாசலுக்குப் போட்ட பலகை. பலகையைப் பலகை என்று சொல்லிக்கொண்டு பாவிக்கலாம். அவளுக்கும் அதைத்தான் சொன்னோம்: உன்ர லப்டொப்பில் இந்த ஒரு துண்டு மட்டும் எங்களால் திறந்து பார்க்க ஏலாதது.

மற்றது, கலைப்பீடத்துக்கு உது எதுக்கு என்கிற கேள்வி. கேட்டது வேறு ஆருமில்லை, எங்கட பச்தான். நாங்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் தேடி ஓடுகிற நூலகம் இணையத்தளம் மீடியாவிக்கி என்கிற கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகிறது. 2004 மார்கழிச் சுனாமி அவளின் ஆய்வு நடந்த அதே வடமராட்சி கிழக்குக் கரையையும் அடித்தது. அந்தச் சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் சஹானா என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார்கள். பிறகு அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. இதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. இந்த நாட்டில் செய்த ஒரு நல்ல காரியத்தை நாங்கள் றைவர் தேடப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டது, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டினது எல்லாம் எங்கட வீடுகளில் நூறு தரம் கேட்ட கதை. எல்லாத்துக்கும் அந்தக் காலத்தை இழுக்கிறதும் எங்கட ஊரில் ஒரு வருத்தம்தான், தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அந்த டைனமோ வேலையை எப்படிச் செய்வது என்று ஒழுங்கைக்கு ஒழுங்கை ஆக்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் செய்தால் அடுத்த வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் செய்தார். வைஃபை அட்டைக்கு அப்படியொரு ஒழுங்கை இல்லை. தமிழ்நாட்டில் இருந்து கணியம் போன்றவர்கள் 2012 இல் இருந்து தமிழில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதில் நாங்கள் நிறையப் படித்தோம். ஆனால் இந்த லப்டொப், இந்த இலக்கம், இந்த நீலத் திரை, இதில் இரண்டாவது வரியைத் தெரிவு செய் என்கிற அளவுக்குத் தமிழில் எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பெரிய பெரிய அறிமுகக் கட்டுரைகள் எழுத எங்களுக்கு விருப்பம். கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன, ஸ்டோல்மன் யார், நாலு சுதந்திரங்கள் என்னென்ன. இந்தக் கட்டுரையிலும் பாதி அதுதான். நடு இரவில் வைஃபை இல்லாமல் இருக்கிறவர் தேடுகிற அந்த இரண்டு வரியை எழுதத்தான் ஆள் இல்லை. எங்கட குழு இனி அதை எழுதப் போகிறது: அட்டை இலக்கம், என்ன செய்தோம், எது சரிவந்தது, எது சரிவரவில்லை. உங்கட லப்டொப்பின் கதையையும் அனுப்புங்கோ. சரிவராமல் போன கதை என்றால் இன்னும் நல்லம்.

அவள் ஆய்வுக்கட்டுரையை நேரத்துக்குக் கொடுத்துவிட்டாள். பாமினி எழுத்துருவைப் போட்டுக் கொடுத்ததும், ரங்கநாதன் விசைப்பலகையைப் பொருத்திக் கொடுத்ததும் தனிக் கதை. போன மாதம் ஒரு கேர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை திரும்பவும் காணாமல் போனது. எங்களுக்குக் கோல் வந்தபோது மூன்று பேரும் கொமன் ரூமில் இருந்து எழும்பி சைக்கிளை எடுத்துவிட்டோம்.

"வர வேண்டாம்," என்றாள். "போனைக் குத்தி றைவரைத் திரும்பப் போட்டிட்டன். நீலத் திரையிலை ரெண்டாவது வரி. கொப்பியிலை எழுதி வச்சிருக்கிறன், ஃபோட்டோ எடுத்து அனுப்பவோ?"